சென்சரைச் செருகினால் செத்துப்போகும் புரோகிராம்

வெப்பநிலையைப் பதிவு செய்ய நானே எழுதிய சின்ன சி புரோகிராம் ஒன்று உண்டு. 32-பிட் ஆர்ம் போர்டு ஒன்றில் ஓடுகிறது. நிமிடத்துக்கு ஒரு முறை டிஎஸ்18பி20 சென்சர்களைக் கேட்டு, கிடைத்த எண்ணைக் கோப்பில் எழுதிவிட்டுத் தூங்கப் போய்விடும். மொத்தம் ஆறு சி கோப்புகள், ஆயிரத்துச் சொச்சம் வரிகள். வருஷக் கணக்கில் நான் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய நிலையையும் அது உண்டாக்கவில்லை.

போர்டின் இயங்குதளத்தைப் புதுப்பித்த கையோடு 2038 பிரச்சினையையும் முடித்துவிடலாம் என்று ஆசைப்பட்டேன். அங்கேதான் வினை தொடங்கியது. 32-பிட் லினக்ஸில் வழக்கமாக நேரத்தைக் குறிக்கும் டைம்_டி என்ற வகை, 1970 ஜனவரி 1 முதல் கடந்துபோன நொடிகளை 4 பைட்டில் வைத்திருக்கிறது. அதில் கொள்ளும் மிகப் பெரிய எண் 2147483647. உலகப் பொது நேரப்படி அது 2038 ஜனவரி 19, 03:14:07. அதற்கடுத்த நொடியில் எண் எதிர்மறைக்குத் தாவி, நாள்காட்டி 1901 டிசம்பருக்குப் போய்விடும். 2020இல் வந்த லினக்ஸ் கர்னல் 5.6, 2021 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.34 (லினக்ஸில் சி புரோகிராம்களுக்கான அடிப்படை லைப்ரரி) இரண்டும் கைக்கு வந்த பிறகு, 32-பிட்டிலும் நேரத்தை 8 பைட்டில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் என் போர்டில் இருந்த இயங்குதளத்தில் அது தானாக நடக்காது. கேட்டு வாங்க வேண்டும்.

கேட்பது எளிது. ஃபைல்_ஆஃப்செட்_பிட்ஸ், டைம்_பிட்ஸ் என்று இரண்டு மேக்ரோக்கள், அதாவது கம்பைல் நேரத்தில் மதிப்புத் தரும் பெயர்கள். இரண்டுக்கும் 64 என்று மதிப்புக் கொடுத்தால் போதும். முதலாவதைத் தராமல் இரண்டாவதை மட்டும் தந்தால், ஜிலிப்சியின் ஹெடரே (சி கோப்புகள் தங்களுக்குள் சேர்த்துக்கொள்ளும் அறிவிப்புக் கோப்பு) பிழை சொல்லி கம்பைலை நிறுத்திவிடும். இவ்வளவு விழிப்பாக இருக்கிற ஹெடர், தப்பாக ஏதாவது செய்தால் கத்தாமலா போகும் என்று நம்பினேன். என் கான்ஃபிக்.ஹெச் கோப்பில் இரண்டு வரியைச் சேர்த்தேன், கம்பைல் செய்தேன். ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை.

ஓடவிட்டேன். முதல் நிமிடமே விழுந்தது. 'மால்லாக்: கரப்டட் டாப் சைஸ்' என்று ஒரு வரி, அதன்கீழே 'அபார்ட்டட்'. புரோகிராமுக்கு நினைவகம் ஒதுக்கித் தரும் மால்லாக், தன் கணக்கு கெட்டிருக்கிறது என்று சொல்லி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. அவ்வளவுதான்.

ஒரே நாளில் இரண்டு மாற்றம் செய்தது என் முட்டாள்தனம். இயங்குதளமும் புதிது, மேக்ரோவும் புதிது. எதைச் சந்தேகிப்பது? நான் மூன்றாவது ஒன்றைச் சந்தேகித்தேன். ஏனென்றால் சென்சரைக் கழற்றினால் புரோகிராம் ஒழுங்காக ஓடியது! சென்சர் இல்லாதபோது சோதனைக்காக 'டெஸ்ட்1' என்ற பெயரில் ஒரு போலி சென்சரை அது வைத்துக்கொள்ளும். போலி இருந்தால் மணிக்கணக்கில் ஓடுகிறது. உண்மையான சென்சரைச் செருகினால் ஒரு நிமிடம் தாங்கவில்லை. இதைப் பார்த்த எவருக்கும் கை வன்பொருள் பக்கம்தான் போகும். டேட்டா கம்பிக்கும் மின்சாரக் கம்பிக்கும் நடுவே இருக்கும் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கழற்றி வேறொன்று வைத்துச் சாலிடர் செய்தேன். கம்பியைக் குட்டையாக்கினேன். அடாப்டரை மாற்றினேன். கடைசியில் சென்சரையே மாற்றினேன். எதற்கும் அசையவில்லை. ஒரு கம்பியில் ஆடும் மின்னழுத்தம் எப்படி மால்லாக்கின் கணக்கைக் கெடுக்கும் என்று ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசித்திருந்தால் சாலிடரிங் அயர்னைச் சூடாக்கியிருக்கவே மாட்டேன்.

சரி, புரோகிராமையே பிரித்துப் பார்ப்போம் என்று லேப்டாப்பில் நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு கம்பைல் செய்து, லினக்ஸ் சென்சரின் அளவீட்டைக் காட்டும் கோப்பின் நகல் ஒன்றைக் கொடுத்து ஓட்டினேன். சுத்தம். ஒரு புகாரும் இல்லை. அதே சி கோப்புகள், அதே பெயர்கள், அதே எண்கள். லேப்டாப் 64-பிட் என்பது தெரிந்ததுதான். அதற்கு இதில் பங்கு இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

போர்டிலேயே ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் ஏற்றினேன். விழும் இடம் ஃபோப்பன்64. சென்சரின் கோப்பைத் திறக்கும்போது அது உள்ளே மால்லாக்கைக் கூப்பிடுகிறது, மால்லாக் அபார்ட் செய்கிறது. கோப்பைத் திறப்பதில் என்ன தவறு இருக்க முடியும்? ஒன்றும் இருக்க முடியாது. ஹீப் (மால்லாக் பங்கு போடும் நினைவகப் பரப்பு) கெட்டுப்போனால் கெடுத்தவன் மாட்டமாட்டான், அடுத்து வந்து கதவைத் தட்டியவன்தான் மாட்டுவான். ஃபோப்பன் அப்படி வந்து மாட்டியது.

மால்லாக்கின் கணக்குப் புத்தகம் வேறெங்கும் தனியாக இல்லை, நாம் வாங்கிய நினைவகத் துண்டுகளுக்கு நடுநடுவேதான் இருக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் அளவு எழுதப்பட்டிருக்கும். கடைசித் துண்டுக்கு அப்பால், இன்னும் யாருக்கும் கொடுக்காத மிச்ச நிலம். அதற்குப் பெயர்தான் 'டாப்'. அதன் அளவும் அதன் தலையிலேயே இருக்கும். கடைசியாக வாங்கியவர் தன் எல்லையைத் தாண்டி நாலு பைட் எழுதினால் அந்த அளவுதான் அழியும். ஆகவே கடைசியாக ஒதுக்கிய ரெக்கார்டின் (ஒரு சென்சரின் விவரங்கள் இருக்கும் துண்டு) முகவரியிலிருந்து பன்னிரண்டு சொற்களை, அதாவது நாலு நாலு பைட்டாக, வரிக்கு நான்காக, ஹெக்ஸில் (பதினாறடிமான எண்ணில்) காட்டச் சொன்னேன். மூன்றாம் வரியில் இரண்டாவதாக இருக்க வேண்டியது டாப்பின் அளவு. அங்கே இருந்தது 00343931.

வழக்கமான பதின்ம எண்ணில் 34 லட்சத்துச் சொச்சம். பொதுவாக 132 கிலோபைட்டில் தொடங்கும் ஹீப்பில் 34 லட்சம் பைட் மிச்சம் என்றால் மால்லாக் நம்புமா? சரியாகத்தான் அபார்ட் செய்திருக்கிறது. எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டேன், அதற்கு மேல் புரியவில்லை.

முன்பு சென்சரை மாற்றியபோது கழற்றிய பழையதை எறியாமல் வைத்திருந்தேன். சும்மா ஒரு நப்பாசையில் மறுபடி மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். அதே இடத்தில் விழுந்தது, ஆனால் எண் வேறு: 00373035. மறுபடி முதலாவது சென்சர், மறுபடி 00343931. ஆக, இது ஏதோ தற்செயலான குப்பை அல்ல. சென்சருக்குச் சென்சர் மாறுகிற, ஆனால் அதே சென்சருக்கு மாறாத ஏதோ ஒன்று அங்கே போய் உட்கார்கிறது. வெப்பநிலை என்றால் ஓட்டத்துக்கு ஓட்டம் கொஞ்சமாவது ஆடியிருக்கும்.

மூன்றும் முப்பதுகள். 34, 39, 31. எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் 30 முதல் 39 வரை இருப்பவை 0 முதல் 9 வரையான இலக்க எழுத்துகள். ஆர்ம் போர்டில் கடைசி பைட்டிலிருந்து படிக்க வேண்டும்: 31, 39, 34, 00. அதாவது '1', '9', '4', பிறகு சரத்தின் முடிவைக் குறிக்கும் பூச்சியம். முதல் சென்சரின் அடையாள எண் 194 என்றுதான் முடிகிறது. இரண்டாவது 507. சென்சரின் மேல் எனக்கிருந்த கோபம் அங்கேயே வடிந்துவிட்டது. குற்றம் அதன் கம்பியில் இல்லை, பெயரில் இருந்தது.

லினக்ஸ் ஒவ்வொரு டிஎஸ்18பி20க்கும் தரும் பெயர் 28 என்ற குடும்ப எண், ஒரு சிறுகோடு, பன்னிரண்டு ஹெக்ஸ் இலக்கம். மொத்தம் 15 எழுத்து. முடிவுப் பூச்சியத்தோடு 16. என் ஸ்ட்ரக்டில் (ரெக்கார்டில் எது எங்கே என்று சொல்லும் வரையறை) பெயருக்கு ஒதுக்கியது 16 பைட். அளந்து வைத்த சட்டை மாதிரி. எழுதுவதும் எஸ்என்பிரிண்ட்எஃப், 16ஐத் தாண்டவே தாண்டாது. மூன்று முறை விரல்விட்டு எண்ணினேன். தாண்டவில்லை. ஆனாலும் தாண்டியிருக்கிறது.

நினைவக எல்லை மீறலைக் கண்காணிக்கும் வால்கிரைண்டை இதற்கு முன்பே ஓட்டியிருக்க வேண்டும். போர்டில் அது ஆமை வேகம் என்பதால் தள்ளிப்போட்டிருந்தேன். ஓட்டியதும் ஒரே வரியில் சொல்லிவிட்டது: சென்சர்.சியில் எல்லை மீறிய எழுத்து, லிஸ்ட்.சியில் ஒதுக்கிய 32 பைட் துண்டு முடிந்த இடத்துக்கு அடுத்த பைட்டில்.

32ஆ? தாளை எடுத்துக் கூட்டினேன். ஸ்ட்ரக்டில் வரிசையாக இருப்பவை: நேரம், கோப்பில் அந்தப் பதிவு இருக்கும் இடம், அளவீடு, அடுத்த ரெக்கார்டின் முகவரியைக் காட்டும் பாயிண்டர், பெயர். இப்போது நேரம் 8, இடத்தைக் குறிக்கும் ஆஃப்_டி 8, அளவீடு 4, பாயிண்டர் 4, பெயர் 16. ஆக 40. மேக்ரோ இல்லாத பழைய கணக்கில் 4, 4, 4, 4, 16. ஆக 32. புதிய வீட்டுக்குப் பழைய மனையை அளந்து கொடுத்திருக்கிறார்கள்.

ஜிடிபியில் சென்சர்.சியின் ஃபிரேமில் நின்று ஸ்ட்ரக்டின் அளவைக் கேட்டேன்: 40. ஒதுக்கும் இடத்தில் பிரேக்பாயிண்ட் வைத்து, லிஸ்ட்.சியின் ஃபிரேமில் நின்று அதே கேள்வியைக் கேட்டேன்: 32. ஒரே புரோகிராம், ஒரே பெயருள்ள ஸ்ட்ரக்ட், ஒரே ரெக்கார்டு.ஹெச் கோப்பிலிருந்து வந்தது. நிற்கும் இடத்தைப் பொறுத்து அளவு மாறுகிறது. இத்தனை வருஷத்தில் ஜிடிபி இப்படி இரண்டு பதில் சொல்லி நான் பார்த்ததே இல்லை.

முதலில் தோன்றியது பழைய ஆப்ஜெக்ட் கோப்பு, அதாவது ஒரு சி கோப்பை முன்பு கம்பைல் செய்து கிடைத்தது. எது மாறினால் எதை மறுபடி கம்பைல் செய்வது என்று சொல்லும் மேக்ஃபைலில் ஹெடர் சார்புகளை நான் எழுதி வைக்கவில்லை. ஆகவே கான்ஃபிக்.ஹெச்சை மாற்றியபோது லிஸ்ட்.சி மறுபடி கம்பைல் ஆகாமல் நின்றிருக்கலாம். இதுதான் என்று துள்ளிக் குதித்து, மேக் கிளீன் போட்டு, எல்லாவற்றையும் புதிதாகக் கட்டினேன். மறுபடி விழுந்தது. சுத்தமாகக் கட்டியும் 32.

ஜிசிசி கம்பைலரில் பெரிய ஹெச் என்று ஒரு கொடி உண்டு. எந்த ஹெடர் எந்த வரிசையில், யாருக்குள் யார் என்று புள்ளி வைத்துக் காட்டும். லிஸ்ட்.சிக்கு அதைப் போட்டேன். முதலில் வந்தது டைம்.ஹெச், அதற்குள் ஃபீச்சர்ஸ்.ஹெச். பிறகு இன்னும் பல. எல்லாம் வந்து உட்கார்ந்த பிறகு, பந்தி முடிந்து இலை எடுக்கும் நேரத்தில், என் கான்ஃபிக்.ஹெச். சென்சர்.சியில் கான்ஃபிக்.ஹெச்தான் முதல் வரி. லிஸ்ட்.சியில் ஐந்தாவது வரி. கான்ஃபிக்.ஹெச் என்று ஒன்று பிறப்பதற்கு முன்பே எழுதிய கோப்பு அது. பிற்காலத்தில் தேவை வந்தபோது இன்க்ளூட் வரிசையின் கடைசியில் சேர்த்திருக்கிறேன். அன்று அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

நடப்பது இதுதான். ஜிலிப்சியின் எந்த ஹெடரை இழுத்தாலும் அது முதலில் ஃபீச்சர்ஸ்.ஹெச்சை இழுக்கும். யாருக்கு எத்தனை பிட், எந்தச் செயற்கூறுகளை வெளியே காட்டுவது என்பதையெல்லாம் முடிவு செய்வது அந்த இடம். ஒரு சி கோப்புக்கு ஒரே ஒரு முறைதான் அந்த முடிவு, அப்புறம் கதவு சாத்திவிடும். லிஸ்ட்.சியில் டைம்.ஹெச் வந்த கணத்தில் மேக்ரோ எதுவும் இல்லை. ஆகவே டைம்_டி 4 பைட் என்று எழுதி முடித்தாயிற்று. நாலு வரி தள்ளி நான் '64 வேண்டும்' என்று சொன்னதைக் கேட்க அங்கே யாரும் இல்லை. மேக்ரோவை வரையறுப்பது குற்றமில்லையே, ஆகவே எச்சரிக்கையும் இல்லை. இந்த மேக்ரோக்களை எந்த ஹெடரையும் சேர்ப்பதற்கு முன்னால் வரையறுக்க வேண்டும் என்று கையேட்டுப் பக்கத்தில் தெளிவாகவே போட்டிருக்கிறது. நான் படித்தும் இருக்கிறேன். எல்லாக் கோப்பிலும் அப்படித்தான் வைத்திருக்கிறேன் என்ற நினைப்பு வேறு. ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்கராவது கவனித்திருக்கலாமே என்று கேட்கலாம். சியில் ஸ்ட்ரக்டின் உருவம் லிங்கருக்குப் போவதே இல்லை. அதற்குத் தெரிவது பெயர்கள் மட்டும்.

ஆனால் அந்தப் பெயர்களிலேயே துப்பு இருந்தது. மேக்ரோ வேலை செய்த கோப்பில் ஃபோப்பன் என்று எழுதினால் ஆப்ஜெக்ட் கோப்பில் ஃபோப்பன்64 என்று மாறிப் பதிவாகும். டைம் என்ற அழைப்பு டைம்64 என்று அடிக்கோடு சேர்ந்த பெயராக மாறும். முதல் நாளே ஜிடிபி எனக்கு ஃபோப்பன்64 என்று காட்டியது. நான் எழுதியது ஃபோப்பன்தானே என்று அங்கே நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. இப்போது ஆறு ஆப்ஜெக்ட் கோப்புகளையும், உள்ளே இருக்கும் பெயர்களைப் பட்டியலிடும் என்எம் கருவியில் போட்டுப் பார்த்தேன். நான்கில் 64 ஒட்டிய பெயர்கள். லிஸ்ட்டில் வெறும் டைம். லாக்.சியிலும் வெறும் ஃபோப்பன். அதுவும் இதே தப்பைச் செய்திருக்கிறது, ரெக்கார்டைத் தொடாததால் தப்பித்திருக்கிறது. அரை நிமிட வேலை. இதைச் செய்யாமல் நான் ரெசிஸ்டர் மாற்றிக்கொண்டிருந்தேன்.

இப்போது எல்லாப் புதிரும் வரிசையாக அவிழ்ந்தது. லேப்டாப்பில் விழாதது ஏன்? 64-பிட் லினக்ஸில் டைம்_டியும் ஆஃப்_டியும் எப்போதுமே 8 பைட். மேக்ரோ முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் இரண்டு கோப்பும் ஒரே அளவையே சொல்லும். அங்கே சானிடைசருக்குப் பிடிக்க ஒன்றுமே இல்லை.

போலி சென்சரில் விழாதது ஏன் என்பது இன்னும் ருசியான கணக்கு. 32 பைட் கேட்டால் மால்லாக் தன் 4 பைட் தலைப்பைச் சேர்த்து 36 ஆக்கி, எட்டின் மடங்காக 40க்கு உயர்த்தும். ஆகவே நம் கையில் உண்மையில் 36 பைட் இருக்கிறது. சென்சர்.சியின் கணக்கில் பெயர் தொடங்கும் இடம் 24. மிச்சம் 12 பைட். 'டெஸ்ட்1' ஆங்கிலத்தில் ஐந்தெழுத்து, முடிவுப் பூச்சியத்தோடு ஆறு. பன்னிரண்டுக்குள் அடங்கிவிட்டது. 15 எழுத்துப் பெயரோ கடைசி மூன்று எழுத்தையும் ஒரு பூச்சியத்தையும் பக்கத்து நிலத்தில் வைத்தது. சரியாக நான்கு பைட், சரியாக அளவு எழுதிய இடம். சோதனைப் பெயரை நான் கொஞ்சம் நீளமாக வைத்திருந்தால் லேப்டாப்பையும் சாலிடரையும் தொடாமலே மாட்டியிருக்கும்.

விழாதபோதும் அது ஒழுங்காக ஓடவில்லை என்பதைப் பிறகுதான் கண்டேன். லிஸ்ட்.சியின் பார்வையில் அடுத்த ரெக்கார்டுக்கான பாயிண்டர் 12ஆம் பைட்டில். சென்சர்.சியின் பார்வையில் அந்த இடம் ஆஃப்_டியின் மேல்பாதி, அதாவது எப்போதும் பூச்சியம். ஒரு ரெக்கார்டைப் பட்டியலில் கோத்த மறுகணமே சென்சர்.சி போய் அந்தக் கண்ணியை அறுத்துக்கொண்டிருந்தது. பட்டியலில் எத்தனை சேர்த்தாலும் கடைசி ஒன்றுதான் மிஞ்சும். போலி சென்சர் ஒன்றே ஒன்று என்பதால் எனக்குத் தெரியவில்லை. மணிக்கணக்கில் நன்றாக ஓடியது என்று மேலே சொன்னேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

சரிசெய்வது ஒரு வரி. கான்ஃபிக்.ஹெச்சை மேலே தூக்கி வைத்தாலே போதும். அப்படி வைக்கவில்லை. இன்னும் இரண்டு வருஷம் கழித்துப் புதுக் கோப்பு ஒன்று எழுதும்போது அதே தப்பைச் செய்வேன் என்று எனக்குத் தெரியும். இரண்டு மேக்ரோவையும் கான்ஃபிக்.ஹெச்சிலிருந்து எடுத்துவிட்டு, மேக்ஃபைலில் கம்பைலருக்கு நேரடியாகத் தரும் கொடிகளாக வைத்தேன். இனி எந்தக் கோப்பில் எந்த ஹெடர் முதலில் வந்தாலும் மேக்ரோ அதற்கு முந்திவிடும். கூடவே ரெக்கார்டு.ஹெச்சில் டைம்_டி, ஆஃப்_டி இரண்டும் 8 பைட்தானா என்று கம்பைல் நேரத்திலேயே கேட்கும் ஸ்டாட்டிக் அசர்ட் வரிகள் இரண்டு. திருத்துவதற்கு முன்பே அவற்றைப் போட்டுப் பார்த்தேன். லிஸ்ட்.சி கம்பைல் ஆக மறுத்தது. கடைசியில் வாயைத் திறந்தாயே என்றிருந்தது. ஹெடர் சார்புகளைத் தானாக எழுதித் தரும் ஜிசிசியின் கொடியையும் அப்போதே மேக்ஃபைலில் சேர்த்தேன்.

டெபியன் லினக்ஸின் 13ஆம் பதிப்பில் 32-பிட் ஆர்ம் முழுவதையும் 64-பிட் நேரத்துக்கு மாற்றிவிட்டார்கள். டைம்_டியை வெளியே காட்டும் ஒவ்வொரு லைப்ரரியையும், அதை நம்பியிருக்கும் ஒவ்வொரு தொகுப்பையும் மறுபடி கட்டிய வேலை அது. பாதி பேர் 32, பாதி பேர் 40 என்று நின்றால் என்ன ஆகும் என்பதை ஆறு கோப்பில் பார்த்துவிட்டதால், எத்தனையோ ஆயிரம் தொகுப்பில் அதைச் செய்தவர்களை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. ஜிலிப்சிக்கு மாற்றான மஸல் லைப்ரரி 2020இலேயே 1.2.0 பதிப்பில் 32-பிட் கணினிகளுக்கெல்லாம் 8 பைட் என்று தீர்த்துவிட்டது. அங்கே மேக்ரோவே கிடையாது.

புரோகிராம் இனி விழாது என்று நிமிர்ந்தபோது இன்னொன்று. பழைய அட்டவணைக் கோப்பில் ஒவ்வொரு பதிவுக்கும் நேரத்தையும் இடத்தையும் நினைவகத்தில் இருந்தபடியே கொட்டி வைத்திருந்தேன், 4 பைட்டும் 4 பைட்டும். புதிய புரோகிராம் அதை 8 பைட்டும் 8 பைட்டுமாகப் படித்தது. முதல் பதிவின் தேதி சரியாக வந்தது, ஏனென்றால் அதன் இடம் பூச்சியம். பிறகு வந்தவை எல்லாம் ஐயாயிரத்துச் சொச்சம், பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் என்று ஆண்டு காட்டின. இடத்தைக் குறிக்கும் எண் நேரத்தின் மேல்பாதியாகப் போய் உட்கார்ந்தால், அதன் ஒவ்வொரு அலகும் ஏறத்தாழ 136 ஆண்டைக் கூட்டும். பழைய கோப்பைப் படித்துப் புதிய வடிவில் எழுத இருபது வரியில் ஒரு மாற்றி எழுதி, ஒரு முறை ஓட்டிவிட்டு வைத்துவிட்டேன். பழைய கோப்பின் நகலை அழிக்கவில்லை.

இரண்டு சென்சரும் இப்போது ஒரே கம்பியில் ஓடுகின்றன. 194ம் 507ம் பட்டியலில் அடுத்தடுத்து நிற்கின்றன. புதிதாகச் சாலிடர் செய்த 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் அப்படியே இருக்கிறது. கழற்றிய பழையதை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன், 4.7 தான் காட்டியது.